அம்சத்தின் முட்டை ஏன் கறுத்தது

செவ்வந்தி தன் ஆயுளில் வாங்கிய திட்டுகளைப் படிக்கு ஒன்றாக வைத்தால் சுவாமிமலைக் கோயிலின் அறுபது படியும் போதாது. நாற்று முடியைப் பெரிதாகக் கட்டினாள் என்று ஒரு திட்டு, நடவு வரிசை கோணல் என்று ஒரு திட்டு, இடுப்பு வலிக்கிறதே என்று ஒரு நொடி நிமிர்ந்தால் அதற்குத் தனியாக ஒன்று. ஆனாலும் உன் வாழ்க்கையில் யாருக்கு நன்றி சொல்வாய் என்று கேட்டால், தன்னைத் திட்டிய ஒருத்தியின் பெயரைத்தான் அவள் முதலில் சொல்வாள். கிறுக்கச்சி என்று நினைத்துவிட வேண்டாம். கதையைக் கேட்டால் நீங்களும் அந்தப் பெயரைத்தான் சொல்வீர்கள்.

சுவாமிமலைக்கு மேற்கே காவிரியை ஒட்டிய ஆலங்கரை அவள் ஊர். வருஷம் எழுபத்திரண்டு. புருஷன் மருதையன் பண்ணை வேலைக்குப் போகிறவன். ஒரே மனையில் இரண்டு குடிசை. ஒன்றில் இவர்கள், மற்றதில் ஓரகத்தி அம்சம். அம்சத்தின் புருஷன் இராஜாங்கம், மருதையனுக்கு அண்ணன். களை பறிக்கும்போது பாம்பு கடித்துச் செத்துப்போனான். இரண்டு பெண்பிள்ளைகளோடு அம்சம் அந்தக் குடிசையிலேயே தங்கிவிட்டாள். மனை பண்ணையார் நாகநாதனுடையது.

அம்சத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இப்படியும் ஒரு மனுஷி இருப்பாளா என்று எரிச்சல் வரும். வழியில் கிடக்கிற வறட்டியைக்கூட நாலு பேரிடம் யாருடையது என்று கேட்ட பிறகுதான் எடுப்பாள். அறுப்பு முடிந்து வீடு திரும்பினால் சேலை மடிப்பில் ஒட்டிக்கொண்ட நாலு நெல்மணியைத் திரும்பப் போய்க் களத்தில் உதறிவிட்டு வருவாள். "அக்கா, எலி தின்னது போக மிச்சத்துலதான் உன் நாலு நெல்லு குறையுதாக்கும்" என்று செவ்வந்தி கேலி செய்வாள். அம்சம் சிரிக்கமாட்டாள். அவளுக்கு அது சிரிக்கிற விஷயமே இல்லை.

செவ்வந்திக்கு இரண்டு வருஷமாக ஊர் உயர்நிலைப் பள்ளியில் ஆயா வேலை. அரை நாள் வேலைதான். வகுப்பைக் கூட்ட வேண்டும், பானையில் தண்ணீர் நிரப்ப வேண்டும், அறிவியல் அறையின் கண்ணாடிச் சாமான்களைக் கழுவ வேண்டும். அவள் கழுவுவதைத் தொடுவதற்கே இரண்டு வாத்தியார்கள் யோசித்தார்கள். யோசிக்காதவள் கமருன்னிஸா டீச்சர். ராஜகிரியிலிருந்து பஸ்ஸில் வந்து போகிறவள், வயது இருபத்தாறு, மூக்குக்கண்ணாடி, மூக்குக்கு மேலே கோபம்.

அந்தத் தை மாதம் பள்ளிக்கு ஆய்வாளர் வந்தார். பத்தாம் வகுப்பில் கமருன்னிஸா ஒரு வேடிக்கை காட்ட இருந்தாள். கோழிமுட்டையைக் கம்பி வளையத்தில் வைத்து மண்ணெண்ணெய் விளக்குப் புகையில் காட்டினால் முட்டை அட்டக்கரியாகிவிடும். அதைக் கண்ணாடி ஜாடித் தண்ணீரில் இறக்கினால் வெள்ளிக் குண்டு போலப் பளபளக்கும். வெளியே எடுத்தால் பழையபடி கரி. செவ்வந்தி இதைச் சன்னல் வழியாக முன்பே பார்த்து வாயைப் பிளந்திருக்கிறாள்.

ஆய்வாளர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். டீச்சர் முட்டையை இறக்கினாள். முட்டை கரியாகவே நின்றது. இன்னொரு முட்டை, அதுவும் கரிதான். பின்பெஞ்சில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஆய்வாளர் நோட்டில் எதையோ எழுதிக்கொண்டு போய்விட்டார்.

"ஜாடியை எதைப் போட்டுக் கழுவினீங்க?" என்று டீச்சர் கேட்டாள்.

"சீயக்காய் டீச்சர். பெரிய அதிகாரி வாறாருன்னு நல்லாப் பளிச்சுன்னு..."

"உங்களை யாரு அதெல்லாம் போடச் சொன்னா? ஒரு வேலை சொன்னா அதை மட்டும் செய்யத் தெரியாதா? என் மானமே போச்சு."

இன்னும் நிறையச் சொன்னாள். செவ்வந்தி தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டாள். பழக்கமான விஷயம்தானே. அறுபதோடு அறுபத்தொன்று என்று துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போனாள்.

மூன்றாம் நாள் டீச்சர் அவளைத் தேடித் தண்ணீர்த் தொட்டிக்கே வந்தாள். கையில் ஒரு முட்டை, முகத்தில் ஒரு மாதிரிச் சங்கடம்.

"செவ்வந்தி, நான் அன்னிக்குப் பேசினது தப்பு. என்னமோ கோவத்துல ஜாடின்னு கேட்டுட்டேனே தவிர, முட்டை ஏன் கறுத்துச்சுன்னு எனக்கே தெரியல. ரெண்டு நாளா வீட்டுல வச்சிப் பாத்தேன். வாங்க, காட்டறேன்."

அறிவியல் அறையில் இரண்டு ஜாடி இருந்தது. ஒன்றில் வெறும் தண்ணீர், மற்றதில் ஒரு சிட்டிகை சீயக்காய். கரி முட்டை முதலாவதில் வெள்ளி, இரண்டாவதில் கரி. செவ்வந்தி பாவாடைச் சிறுமி போலக் குனிந்து பார்த்தாள்.

"கரியில தண்ணி ஒட்டாது. கரிக்கும் தண்ணிக்கும் நடுவுல மெல்லிசா காத்து நிக்கும். வெளிச்சம் தண்ணிக்குள்ள போயி அந்தக் காத்துகிட்ட சாய்வா மோதும்போது, அதுக்குள்ள நுழைய முடியாம முழுசாத் திரும்பி வந்துடும். அந்த வெளிச்சம்தான் நமக்கு வெள்ளியாத் தெரியுது."

"வாசல்லயே நிறுத்தித் திருப்பி அனுப்பிடுதுங்களா? பண்ணை வீட்டுல எங்களை அனுப்புற மாதிரி?"

கமருன்னிஸா சிரிக்க வாயெடுத்தவள் சிரிக்காமல் நிறுத்திக்கொண்டாள். பிறகு மெதுவாக, "ஆமா, அப்படித்தான். சீயக்காய் அந்தக் காத்தை விரட்டி விட்டுடுது. தண்ணி நேராப் போயிக் கரியில ஒட்டிக்குது. வெளிச்சத்தைத் திருப்பி அனுப்ப அங்க ஒண்ணும் இல்ல. அப்ப கரி கரியாத்தானே தெரியும்" என்றாள்.

"சின்ன வயசுல வாய்க்கால்ல முங்கிக் கண்ணைத் தொறந்து மேல பாப்போம் டீச்சர். தலைக்கு நேரா வானம் தெரியும். கொஞ்சம் தள்ளிப் பாத்தா அடி மண்ணும் எங்க காலும் மேல தலைகீழாத் தெரியும். பேய்னு பயந்து ஓடியாருவோம்."

"அதுவும் இதேதான்" என்று டீச்சர் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "நான் புஸ்தகத்துல படிச்சதை நீங்க தண்ணிக்குள்ளயே பாத்திருக்கீங்க."

அன்று வீட்டுக்கு நடந்து வரும்போது செவ்வந்திக்கு அழுகை வந்தது. ஏன் வந்தது என்று அப்போது அவளுக்குப் புரியவில்லை.

ஆடி மாதம் பிறந்தது. காவிரியில் தண்ணீர் வந்து சம்பாவுக்கு விதை விடுகிற நேரம். அதே நேரத்தில், விவசாயக் கூலிகள் எந்த மனையில் குடிசை போட்டு இருக்கிறார்களோ அது அவர்களுக்கே சொந்தம் என்று சென்னையில் போட்ட சட்டம் ஆலங்கரைக்கும் நடந்து வந்து சேர்ந்தது. சீக்கிரமே தாசில்தார் விசாரணை, விசாரணை அன்றைக்கு யார் குடியிருக்கிறார்களோ அவர்களுக்குப் பட்டா என்று பேச்சு. பண்ணைக் காரியக்காரர் கோவிந்தராசுவுக்குத் தூக்கம் போய்விட்டது. விசாரணைக்கு முன்னால் எத்தனை குடிசை காலியாகிறதோ அத்தனையும் பண்ணைக்கு லாபம்.

அப்படிப்பட்ட நேரத்தில் களத்துக் கொட்டகையிலிருந்து ஒரு மூட்டை விதைநெல் காணாமல் போயிற்று. உண்மையில் காணாமல்தான் போயிற்றா, இல்லை எண்ணத் தெரியாமல் போயிற்றா என்பது அந்தக் கொட்டகை எலிகளுக்கே வெளிச்சம். கோவிந்தராசு தெருவுக்கு வந்து சொன்னார்:

"போலீசுக்குப் போனா தெருவையே அள்ளிக்கிட்டுப் போயிடுவான். நான் அவ்வளவு கல்நெஞ்சக்காரன் இல்ல. குறிக்காரர் ஒருத்தர் வந்திருக்காரு. வெள்ளிக்கிழமை காலையில வீட்டுக்கு ஒரு ஆளு தலைமுழுகி, ஈரத்துணியோட, சொந்தக் கோழி முட்டை ஒண்ணு எடுத்துக்கிட்டுக் களத்துக்கு வரணும். புகை காட்டித் தண்ணியில விட்டா, பொய் சொல்லாதவன் முட்டை வெள்ளியாகும். எடுத்தவன் முட்டை கரியா நிக்கும். எவன் முட்டை கறுக்குதோ அவன் அன்னிக்கே கூரையைப் பிரிச்சுக்கிட்டுக் கிளம்பணும்."

செங்கொடிச் சங்கத்துக்காரர் மாநாட்டுக்குத் தஞ்சாவூர் போயிருந்த வாரமாகப் பார்த்துத்தான் இதெல்லாம். போன மாசம் பகுத்தறிவுக் கூட்டத்தில் மைக்கைப் பிடித்து சாமியாவது பூதமாவது என்று முழங்கிய சூரர்களும் முட்டை தேடிக் கோழிக்கூண்டுக்குள் கையை விட்டார்கள். போலீஸ் என்ற வார்த்தை அப்படிப்பட்டது.

செவ்வந்திக்கு மட்டும் உள்ளுக்குள் சிரிப்பு. கரி பூசினால் யார் முட்டையும் வெள்ளிதான், ஊர் முழுக்க யோக்கியர் என்று ஆகிவிடும், காரியக்காரர் மூக்குடைந்து போவார். மருதையனிடம் சொன்னாள். "நீ வாயை மூடிக்கிட்டு இரு புள்ள. எல்லாருக்கும் வெள்ளியாயிட்டா நல்லதுதானே" என்றான். அதுவும் சரிதான் என்று அவளும் வாயை மூடிக்கொண்டாள். அந்த மூடல் எவ்வளவு பெரிய தப்பு என்று அவளுக்கு வெள்ளிக்கிழமை விளங்கியது.

களத்தில் புங்கமரத்தடியில் நாகநாதன் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். எதிரில் ஒரு முக்காலி, அதன்மேல் கடை மிட்டாய் ஜாடி நிறையத் தண்ணீர், பக்கத்தில் புகைகிற விளக்கு. குறிக்காரர் நெற்றி கொள்ளாத திருநீறோடு முட்டையை வாங்கி, கம்பி வளையத்தில் வைத்துப் புகை காட்டி, அவரவர் கையிலேயே கொடுத்து இறக்கச் சொன்னார். எடுத்தவனுக்குக் கை நடுங்கும், நடுங்கின கை கரியைத் தேய்க்கும், அதில் ஆள் அகப்படுவான் என்பதுதான் அவர் வித்தை. முதல் முட்டை வெள்ளி. இரண்டாவது வெள்ளி. மருதையன் முட்டையும் வெள்ளி. பதினோரு முட்டை வரிசையாக வெள்ளியாக, தெருவுக்கு மூச்சு வந்தது. கோவிந்தராசுவின் முகம் சுண்டிக்கொண்டே போனது.

பன்னிரண்டாவதாக அம்சம் வந்தாள். ஈரப் புடவை, விரித்த தலைமுடி. ஜாடிக்குள் குனிந்து பயபக்தியோடு முட்டையை இறக்கினாள்.

முட்டை கறுத்து நின்றது.

வெள்ளியாகும் வெள்ளியாகும் என்று எல்லோரும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். அது ஆகவில்லை.

"பாத்தீங்களா? ஊமைக் கோட்டான். நெல்மணியை உதறிக்காட்டி மூட்டையைத் தூக்கியிருக்கா. டேய், ரெண்டு பேரு போயிக் கூரையைப் பிரிங்கடா" என்றார் கோவிந்தராசு.

மருதையன், "அண்ணி அப்படிப்பட்டவங்க இல்ல ஐயா" என்று கையெடுத்துக் கும்பிட்டான். அம்சம் அழவில்லை. முட்டையைப் பார்த்தபடியே, "நான்தான் தெரியாம எதையாச்சும் எடுத்துட்டனோ? எனக்கு ஞாபகம் வரலியே" என்றாள்.

ஊர் சந்தேகப்பட்டால் ஊரோடு சண்டை போடலாம். இவள் தன்னையே சந்தேகப்படுகிறாள். முட்டையைவிடத் தான் யோக்கியம் என்று சொல்லத் தெரியாத பிறவி. செவ்வந்தி ஓடிப்போய் அவளைக் கட்டிப் பிடித்தாள். பிடித்ததும் வாசனை மூக்கில் ஏறியது. சீயக்காய். அம்சத்தின் தலைமுடி நுனியில் நுரைகூட முழுதாகப் போகவில்லை, ஜாடி ஓரத்தில் சொட்டிக்கொண்டிருந்தது.

மற்றவர்கள் எல்லாம் ஆற்றில் ஒரு முங்கு முங்கி வந்துவிட்டார்கள். சாமி காரியம், அதிலும் ஆடி வெள்ளி என்று எண்ணெய் வைத்து, சீயக்காய் அரைத்துத் தேய்த்து, நேரமாகிவிடுமே என்று சரியாக அலசாமல் ஓடிவந்தவள் இவள் ஒருத்திதான். குனிந்தபோது முடி ஜாடிக்குள்ளேயே நனைந்திருக்கிறது. ஊரிலேயே அதிகச் சுத்தமாக வந்தவளை முட்டை திருடி என்கிறது.

"ஐயா," என்று நாகநாதனைப் பார்த்துச் சொன்னாள். "அடுத்த முட்டையைக் காரியக்காரய்யா இந்த ஜாடியில விடட்டுங்க."

"என்னடி சொன்ன?" என்று கோவிந்தராசு கையை ஓங்கினார். குறிக்காரர் அதற்குள், தீட்டுப்பட்ட தண்ணி, கொட்டணும் என்று ஜாடியைத் தூக்கப் போனார். செவ்வந்தி இரண்டு கையாலும் ஜாடியைப் பிடித்துக்கொண்டாள்.

"இந்தத் தண்ணியிலதான் விடணும் ஐயா. உண்மையைச் சொல்ற முட்டைன்னா யாரு விட்டாலும் சொல்லணும்ல?"

நாகநாதன் நாற்காலியில் சற்று முன்னால் நகர்ந்தார். கும்பகோணம் காலேஜில் ரெண்டு வருஷம் படித்தவர். "விட்டுத்தான் பாரேன் கோவிந்தராசு. உனக்கென்ன பயம்?" என்றார்.

காரியக்காரருக்கு வேறு வழி இல்லை. புகை காட்டினார்கள். முறைத்துக்கொண்டே இறக்கினார். முட்டை அண்டங்காக்காய் மாதிரி நின்றது.

முதலில் யாரும் சிரிக்கவில்லை. பிறகு பின்னால் ஒரு கிழவர் இருமினார். அது இருமல் இல்லை என்று எல்லோருக்கும் தெரிந்ததும் களமே சிரித்துவிட்டது.

செவ்வந்தி சிரிக்கவில்லை. ஜாடியைத் தூக்கிக்கொண்டு வாய்க்காலுக்குப் போனாள். நாலு தரம் அலசிப் புதுத் தண்ணீர் கொண்டுவந்தாள். அம்சத்தின் முடியை முறுக்கி உச்சியில் கொண்டை போட்டாள். கையை மண் போட்டுக் கழுவவைத்தாள். புது முட்டைக்குப் புகை காட்டிக் கொடுத்தாள். "இப்ப விடுக்கா."

வெள்ளி. கோவிந்தராசுவின் இன்னொரு முட்டை, அதுவும் வெள்ளி. பிறகு தன் முந்தானையை அம்சத்தின் தலையில் ஒற்றி, ஒரு கை சீயக்காய்த் தண்ணீரைப் பிழிந்து ஜாடியில் விட்டு, மருதையன் விட்டபோது வெள்ளியான தன் வீட்டு முட்டையையே இறக்கிக் காட்டினாள். கரி.

"சீயக்காய் பட்டா கறுக்கும், படலன்னா வெளுக்கும். கரிக்கும் தண்ணிக்கும் நடுவுல காத்து நிக்கிற வரைக்கும் வெளிச்சம் திரும்பி வரும். அவ்வளவுதாங்க. இதுல திருடனும் இல்ல, சாமியும் இல்ல" என்றாள். எப்படிச் சொல்லி முடித்தாள் என்று அவளுக்கே தெரியாது.

நாகநாதன் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார். "போயி வேலையைப் பாருங்க" என்றார். தப்பு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை, அவ்வளவு எதிர்பார்க்கக் கூடாது. கூரையைப் பிரிக்கச் சொல்லவில்லை, அது போதும். குறிக்காரர் மட்டும் வெள்ளி கரி என்று பேதம் பார்க்காமல் அத்தனை முட்டையையும் பைக்குள் அடுக்கிக்கொண்டு கிளம்பினார்.

தாசில்தார் விசாரணை ஐப்பசியில் நடந்தது. மாசி மாதம் பட்டா வந்தது. அதை வாங்கிய மறுநாள் செவ்வந்தி அம்சத்தையும் இழுத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனாள். அம்சம் வாசலிலேயே நின்றுவிட்டாள். கமருன்னிஸா டீச்சர் வெளியே வந்து, "உள்ள வாங்கக்கா" என்று கையைப் பிடித்து அறிவியல் அறைக்குள் கூட்டிப் போனாள்.

டீச்சர் காகிதத்தைப் பிரித்து வாய்விட்டுப் படித்தாள். "அம்சம், இராஜாங்கம் மனைவி." அம்சம் தன் பெயரைக் கேட்டு யாரோ கூப்பிட்டது போல நிமிர்ந்து பார்த்தாள்.

"நன்றி சொல்லத்தான் வந்தேன் டீச்சர்" என்றாள் செவ்வந்தி.

"அன்னிக்குக் களத்துல நின்னு பேசினது நீங்க. எனக்கு எதுக்கு?"

"என்னைத் திட்டினவங்க ஊருப்பட்ட பேரு. திட்டிட்டு வீட்டுக்குப் போயி, நாம திட்டினது சரிதானான்னு முட்டையை வச்சுப் பாத்துட்டு, திரும்பி எங்கிட்டயே வந்து ஏன்னு சொன்னது நீங்க ஒருத்தர்தான். அன்னிக்கு நீங்க சும்மா இருந்திருந்தா யாரு உங்களைக் கேக்கப் போறா? இந்தக் காயிதத்துல எங்க அக்கா பேரு இருக்கிறது அதனாலதான்."

டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டாள். அதற்குள் அம்சம் மடியிலிருந்து ஒரு முட்டையை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"எனக்கு இன்னொரு தடவ பாக்கணுங்க."

டீச்சர் இரண்டு ஜாடியையும் வைத்தாள். அம்சத்தின் முட்டை வெள்ளி. பிறகு சீயக்காய்த் தண்ணீரில் டீச்சரே தன் கையால் ஒரு முட்டையை இறக்கினாள். அது கரி. அம்சம் ஜாடிக்கு நேராக முகத்தை வைத்து வெகுநேரம் பார்த்தாள்.

"நீங்க விட்டாலும் கறுக்குதுங்களே."

"யார் விட்டாலும் கறுக்கும்."

"அப்ப, முட்டைக்கு ஒண்ணும் தெரியாதுங்களா?"

"ஒண்ணுமே தெரியாதுக்கா."

அம்சம் மெல்ல நிமிர்ந்தாள். ஆடியிலிருந்து மாசி வரை, வெள்ளியான முட்டையைக் கண்ணால் பார்த்த பிறகும், முதலில் கறுத்ததை அவள் நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டே இருந்திருக்கிறாள் என்பது அப்போதுதான் செவ்வந்திக்குத் தெரிந்தது.

"நான் எடுக்கல செவ்வந்தி" என்றாள் அம்சம். "நான் எடுக்கவே இல்ல."